ரேந்தைக்குக் கஞ்சி போட்டு வைக்காதீர்கள்

தோய்த்து, கஞ்சி போட்டு, நான்காக மடித்து, பொலித்தீன் பைக்குள் இட்டு, இரண்டு பூச்சி உருண்டையும் போட்டு அலுமாரியின் மேல்தட்டில் வைப்பது. அம்மம்மா பின்னிய மேசை விரிப்பும், அப்பம்மாவின் குரோஷே தலையணை உறையும், பூட்டி காலத்து ஞானஸ்நானச் சட்டையும் கொழும்பில் பல வீடுகளில் இப்படித்தான் இருக்கின்றன. பத்திரமாக இருக்கட்டும் என்று செய்ததுதான் எல்லாம். ஆனால் கஞ்சியைத் தேடி இராமபாணப் பூச்சி வரும். கஞ்சியோடு நூலையும் சேர்த்து அரிக்கும். மடிப்பில் நூல் முறியும். பொலித்தீன் ஈரத்தை உள்ளே பிடித்துவைத்துப் பூஞ்சணத்தை வளர்க்கும். பூச்சி உருண்டையைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மேசையில் விரித்துப் பாவித்து அழிந்த ரேந்தையை (லேஸை) விட, பத்திரப்படுத்தி அழித்த ரேந்தை நம்மிடம் கூட என்றே சொல்வேன்.

ரேந்தை என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. 'ரெண்டா' என்பது அவர்கள் மொழியில் லேஸ் பின்னல். அதை வைக்கும் அலுமாரி, பூட்டும் சாவி, விரிக்கும் மேசை, ஒற்றும் துவாய் எல்லாம் அதே மொழியிலிருந்து வந்தவைதான். தென்கரையில் காலி, வெலிகம பக்கம் மரக்குச்சிகளில் நூலைச் சுற்றித் தலையணை மேல் குண்டூசி குத்திப் பின்னும் பீரளு ரேந்தை இன்றும் இருக்கிறது. தமிழ்ப் பெண்களிடம் இந்த வேலை பெரும்பாலும் மிஷன் பாடசாலைகள் வழியாகவும் கன்னியர் மடங்கள் வழியாகவும் வந்தது. நாகர்கோவிலில் 1820களில் மார்த்தா மோல்ட் ரேந்தைப் பின்னல் கற்பித்தார். 1824இல் தொடங்கிய உடுவில் மகளிர் பாடசாலை போன்ற இடங்களில் தையலும் படிப்போடு சேர்ந்தே இருந்தது. அங்கே படித்தவர்களின் பேத்திகளும் பூட்டப்பிள்ளைகளும் இப்போது வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிளாட்டுகளில் இருக்கிறார்கள். பெட்டியில் அந்த ரேந்தையும் கூட வந்திருக்கிறது.

கையில் இருப்பது என்ன என்று தெரியாமல் தண்ணீரில் போடக் கூடாது. ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். குரோஷே என்றால் எல்லாத் தையலும் ஒரே கொக்கியால், ஒவ்வொரு வளையமாக இழுத்து முடித்தவை. சங்கிலி போலக் கோர்த்து நிற்பது தெளிவாகத் தெரியும். உண்மையான குரோஷேயை இயந்திரத்தில் பின்னி விற்கும் வழக்கம் இன்றுவரை இல்லை. ஆகவே உங்களிடம் இருப்பது குரோஷே என்று உறுதியானால் அது யாரோ ஒருவர் கையால் பின்னியதே. ரேந்தையின் கதை வேறு. நொட்டிங்காமில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இயந்திர ரேந்தை வந்துவிட்டது, எனவே பழசு என்பதற்காகக் கைவேலை என்று எண்ண வேண்டாம். இயந்திர ரேந்தையின் பின்பக்கத்தில் வெட்டிய நூல் நுனிகள் பிசிறாக நிற்கும். பீரளுவில் நூல்கள் ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு அறாமல் ஓடும், இதழின் உட்பகுதி சின்னஞ்சிறு நெசவுத் துணி போல இருக்கும். வளையம் வளையமாக, தொட்டால் கடினமாக, இரட்டை முடிச்சு வரிசையாகத் தெரிந்தால் அது டாட்டிங். அது மிகவும் உறுதியானது. ஒரு நூல் அறுந்தாலும் அவிழாது. ஊசியில் பின்னிய நிட்டிங்கே எல்லாவற்றிலும் பயந்து கையாள வேண்டியது. ஒரு கண் விட்டால் ஏணிபோலக் கீழே ஓடிக்கொண்டே போகும்.

அடுத்தது நூலின் வகை. ஓரத்தில் தளர்ந்த இழை ஒன்றை ஒரு சென்ரிமீற்றர் வெட்டி, பீங்கான் தட்டின் மேல் கவ்வியில் பிடித்துக் கொளுத்துங்கள். கடதாசி எரியும் மணமும் மெல்லிய சாம்பலும் வந்தால் பருத்தி அல்லது லினன். தலைமயிர் கருகும் மணமும் நசுக்கினால் உதிரும் கரிய மணியும் வந்தால் ஊல் அல்லது பட்டு. உருகிக் கெட்டியான உருண்டையானால் நைலோன், பொலியெஸ்டர், அக்ரிலிக். கீழே வரும் தோய்ப்பு முறை முழுவதும் வெள்ளை அல்லது சந்தன நிறப் பருத்திக்கே. நிற நூல் இருந்தால் நனைத்த வெள்ளைப் பஞ்சை அதன்மேல் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். பஞ்சில் சாயம் ஏறினால் அந்தத் துண்டைத் தோய்க்காதீர்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ரேந்தைக்கு ஒரு தனிக்குறை உண்டு. அங்கே கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லில் ஊறி வருவது. கட்டிச் சவர்க்காரம் அந்தச் சுண்ணாம்போடு சேர்ந்தால் கரையாத பிசினாகிவிடும். பல வருடம் அப்படித் தோய்த்த துணியில் அது இழைக்குள்ளேயே படிந்து கிடக்கும். தொட்டால் விறைப்பு, பார்த்தால் சாம்பல் மஞ்சள். ஊத்தை என்று நினைத்து மேலும் சவர்க்காரம் போட்டுத் தேய்ப்பவர்கள் பலர். அதற்கு வேண்டியது சவர்க்காரம் அல்ல, மென்மையான தண்ணீர். கொழும்புக் குழாய்த் தண்ணீர் அந்த வகையில் நல்லது. சில தடவை ஊறவைத்த பிறகும் விறைப்புப் போகாவிட்டால், ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி நிறமற்ற வினாகிரி கலந்து 15 நிமிடம் வைத்து, பிறகு குறைந்தது மூன்று தண்ணீரில் அலசுங்கள். புளிப்பு நூலில் தங்கினால் காலப்போக்கில் அதுவே நூலை அரிக்கும்.

கொழும்புத் தண்ணீருக்கும் ஒரு ஆபத்து இருக்கிறது. தண்ணீர் வெட்டு முடிந்து மறுபடி வரும்போது முதலில் வருவது செங்கலங்கல். அதில் இரும்பு இருக்கும். வெள்ளை நூலில் படிந்தால் கறளாகும். அன்றைக்குத் தோய்க்கவே வேண்டாம். கடைசி அலசலுக்கு மட்டுமாவது வடிகட்டிய தண்ணீரைப் பாவியுங்கள்.

இனி தோய்ப்பது. ரேந்தையைத் தனியே தண்ணீரில் விடாமல், ஒரு துண்டு நைலோன் வலை மேல் பரப்பிப் பெரிய தையல்களால் பிடித்துக்கொள்ளுங்கள். கொசுவலைத் துணி போதும். பருத்தி நனைந்தால் பலம் கூடும் என்பது புது நூலுக்கு உண்மை. ஆனால் 60, 70 வருட நூலில் அந்தப் பலம் இல்லை. தூக்கும்போது தண்ணீரின் பாரம் முழுவதும் ஒரு சங்கிலியில் தொங்கினால் அது அறும். கட்டில் விரிப்பு என்றால் படுக்கை விரிப்பு ஒன்றைத் தொட்டில் போல அடியில் பிடித்து இருவராகத் தூக்க வேண்டும்.

முதலில் வெறும் தண்ணீரில் அரை மணி நேரம். தண்ணீர் தேத்தண்ணி நிறமாக மாறும். பயப்பட வேண்டாம், அது சாயம் அல்ல. பழுதாகிப்போன நூலிலிருந்து கரையும் புளிப்புப் பொருள். வெளியே போவதுதான் நல்லது. தண்ணீரை மாற்றி மறுபடி அரை மணி. தெளியும்வரை நான்கைந்து தடவை ஆகலாம். இதிலேயே பாதி மஞ்சள் போய்விடும். அதன் பிறகுதான் சவர்க்காரம்: ப்ளீச்சும் வெண்மையூட்டியும் கலக்காத திரவச் சவர்க்காரம், 5 லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி. தேய்க்காதீர்கள், பிழியாதீர்கள். கடற்பஞ்சால் மேலிருந்து மெல்ல அழுத்தி அழுத்தி விடுங்கள். நுரை சிறிதும் இல்லாமல் போகும்வரை அலசுங்கள்.

கறைகளில் தேயிலைக் கறைதான் அதிகம். நூல் உறுதியாக இருந்தால் மட்டும், சோடியம் பெர்காபனேற் வகை ஒட்சிசன் வெளுப்புத் தூள், 4 லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி, ஒரு மணி நேரம். குளோரின் ப்ளீச் வேண்டவே வேண்டாம். அன்றைக்குப் பால்போல வெளுக்கும். சில மாதத்தில் மஞ்சளாகி, நூல் அவல்போல உதிரும். கறள் கறை மேல் எந்த வெளுப்புத் தூளையும் போடக் கூடாது. இரும்பு அந்த வெளுப்பை அந்த இடத்திலேயே கடுமையாக்கும், கறை இருந்த வடிவத்திலேயே ஓட்டை விழும். கறளுக்கு எலுமிச்சம் புளியும் உப்பும் பத்து நிமிடம், பிறகு நன்றாக அலசல். வெயிலில் காயவிட்டுக் கறளை எடுக்கும் பழைய வழக்கம் புது வேட்டிக்குச் சரி, பழைய ரேந்தைக்குச் சரியில்லை. நீலம் போடவும் வேண்டாம். நீலத்தூள் முடிச்சுகளில் தங்கிப் புள்ளி புள்ளியாகக் கிடக்கும்.

ஈரத்தைத் துவாயில் ஒற்றி எடுத்தபின் வடிவம் பிடிக்க வேண்டும். றிஜிபோம் பலகை ஒன்றில் வட்டங்களும், 30 பாகைக்கு ஒன்றாக 12 கோடுகளும் வரைந்து, மை ஒட்டாதபடி மேலே பொலித்தீன் இழுத்து ஒட்டுங்கள். பொலித்தீனுக்கு ரேந்தை வேலையில் இது ஒன்றுதான் சரியான இடம். ஊசிகள் பித்தளை அல்லது கறள் பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். சாதாரண குண்டூசி கொழும்பு ஈரப்பதனில் ஒரே இரவில் கறள் புள்ளி வைத்துவிடும். நடுவில் முதலில், பிறகு எதிரெதிராக நான்கு திசை, அதன் நடுவில் நான்கு, பிறகு மீதி. ஒரு பக்கத்திலிருந்து வரிசையாகக் குத்திக்கொண்டு போனால் வட்டம் முட்டை வடிவமாகிவிடும். மின்விசிறியின் கீழ் காயட்டும். இப்படிக் காய்ந்ததற்கு இஸ்திரி தேவையே இல்லை.

திருத்த வேலைக்கு வருவோம். வட்ட விரிப்புகளில் அன்னாசிப் பூ வேலைப்பாடு நிறையக் காணலாம். அதைக் கிட்டப் பாருங்கள். அடியில் ஒரே வளைவுக்குள் 12 ட்ரெபிள் (உயரமான குரோஷே தையல்) விசிறிபோல் நிற்கும். அடுத்த சுற்றில் அவற்றின் இடைவெளிகளில் மூன்று மூன்று சங்கிலி கொண்ட வளையங்கள் 11, அதற்கடுத்ததில் 10, பிறகு 9, இப்படி ஒவ்வொன்றாகக் குறைந்து உச்சியில் ஒரே ஒரு வளையம். ஒவ்வொரு சுற்றும் முந்திய சுற்றில் தொங்குகிறது. ஆகவே நடுவில் 7 வளையச் சுற்றில் ஒன்று அறுந்தால், அதைப் பிடித்து நின்ற 6 வளையச் சுற்றின் தையலும் அவிழும், அதற்கு மேலுள்ளதும் தளரும். ஓட்டை பெரிதாகத் தெரியும். அறுந்தது ஒரு நூல்தான்.

அறுந்ததைக் கண்டவுடன் செய்ய வேண்டியது ஒன்றே. கடும் நிறத் தையல் நூலை மொட்டை ஊசியில் கோர்த்து, திறந்து நிற்கும் கண்கள் எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிடுங்கள். அதன் பிறகு ஆறுதலாக வேலை பார்க்கலாம். கையில் தூக்கி வைத்துத் திருத்தக் கூடாது. சங்கிலி குட்டையாகி அந்த இடம் சுருங்கும். பலகையில் விரித்து ஊசி குத்தியே திருத்துங்கள். எத்தனை சங்கிலி என்று புத்தகத்தில் தேட வேண்டியதில்லை, பக்கத்து அன்னாசியை எண்ணினால் போதும். புத்தகம் பார்ப்பதென்றாலும் ஒன்று கவனியுங்கள்: இங்கு பழகிய பிரித்தானிய முறையில் ட்ரெபிள் என்பதை அமெரிக்கப் புத்தகங்கள் டபிள் என்று எழுதும். இணையத்தில் எடுக்கும் மாதிரிகள் பிழைத்துப் போவதற்கு இது பெரிய காரணம்.

நூலின் இலக்கம் கூடக்கூட இழை மெலியும். 10 தடிப்பு, 80 தலைமயிர் போல. பழையது 40 என்றால் 60 எடுங்கள். மெல்லியதாக எடுப்பது வேண்டுமென்றுதான்: பின்னொரு நாள் இழுபட்டால் புது நூல் அற வேண்டும், அம்மம்மாவின் நூல் அறக் கூடாது. பளபளப்பையும் பாருங்கள். நூலைக் காரக் கரைசலில் (கோஸ்டிக் சோடாவில்) முக்கும், ஜோன் மேர்சர் 1844இல் கண்ட முறையை, 1890 அளவில் ஹொரஸ் லோ நூலை இழுத்துப் பிடித்துச் செய்தபோதுதான் அந்த மினுக்கம் வந்தது. மங்கலான பழைய நூலுக்குள் மினுங்கும் புது நூல் தூரத்திலேயே தெரியும். புறக்கோட்டைக்கு நூல் வாங்கப் போகும்போது அறுந்து விழுந்த துண்டொன்றைக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். நிறம் சேரவில்லை என்று தேயிலைச் சாயத்தில் முக்க வேண்டாம். தேயிலையின் துவர்ப்பு நூலுக்கு ஆகாது. அடுத்த கிட்டிய நிறம் போதும்.

அறுந்த இடத்துக்கு மூன்று தையல் முன்னால், உறுதியான பகுதியில், 10 சென்ரிமீற்றர் வால் விட்டுத் தொடங்குங்கள். 0.75 மில்லிமீற்றர் கொக்கி. நடுவுக்கு மிகக் கிட்டிய வளையத்தை முதலில் கட்டி, பிறகு அதற்கு மேலுள்ளது. சங்கிலியைக் கொக்கியால் போடலாம்; மேல் சுற்றோடு சேரும் தையலை ஊசியால் பழைய வழியைப் பின்தொடர்ந்து போடுவதே சுலபம். முடிச்சுப் போடாதீர்கள். வால்களைத் தையல்களுக்குள் 3, 4 சென்ரிமீற்றர் ஒரு பக்கமாக ஓட்டி, திருப்பி ஒரு தடவை எதிர்ப்பக்கம் ஓட்டினால் நிற்கும். பழைய நூல் நுனிகளையும் வெட்டாமல் அப்படியே ஓட்டிவிடுங்கள். தொடும்போதே நூல் தூளாக உதிர்கிற துண்டைத் திருத்தப் பார்க்க வேண்டாம். மெல்லிய பருத்தி வலைமேல் பரப்பி அங்கங்கே பிடித்துத் தைத்தால் அதற்கு அதுவே ஆறுதல்.

ஊல் சாமான்கள் கொழும்பில் குறைவு. நுவரெலியாக் குளிருக்குப் பின்னிய ஸ்வெட்டரும், குழந்தைத் தொப்பியும் காலுறையும்தான். சூடும் உரசலும் சேர்ந்தால் ஊல் திரண்டு சுருங்கிக் கம்பளமாகிவிடும், அதைத் திருப்ப வழியில்லை. ஆறிய தண்ணீர், அசைக்காமல் பத்து நிமிடம், அதே சூட்டில் அலசல். அந்துப்பூச்சி சந்தேகம் இருந்தால் பொலித்தீனில் இறுக்கிக் கட்டி பிரீசரில், மைனஸ் 18 பாகையில், இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விடுங்கள், வியர்ப்பது பைக்கு வெளியே வியர்க்கட்டும்.

பூச்சி உருண்டை. நப்தலின் ஆவி துணிக்குள் ஏறித் தங்கும். ஜி6பிடி என்ற நொதி குறைந்த குழந்தைகளுக்கு அது செங்குருதிக் கலங்களை உடைத்துக் கடும் மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். பிறந்த குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறதா என்பது பெரும்பாலும் வீட்டாருக்குத் தெரியாது. 31ஆம் நாளன்று பேரனுக்குப் போடவென்று அப்பம்மா பின்னிய தொப்பியை எடுக்கிறோம். அந்தத் தொப்பி நப்தலினோடு கிடந்ததென்றால் ஒருநாள் காற்றில் போட்டு மணம் போனதும் போடலாம் என்று நினைக்காதீர்கள். குழந்தைக்குப் போடவே வேண்டாம். குழந்தை உடுப்புகள் வைக்கும் லாச்சியில் நப்தலின் எப்போதும் கூடாது. காய்ந்த வேப்பிலையைத் துணிப்பையில் கட்டி ஓரத்தில் வைக்கலாம், ரேந்தையில் நேரே பட்டால் கறை பிடிக்கும். ஆனாலும் பூச்சியைத் தடுப்பது வேப்பிலையை விட, கஞ்சியும் வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் இல்லாத சுத்தமான துணிதான். விருந்து நாளில் விறைப்பாக நிற்க வேண்டுமென்றால் கஞ்சி போடுங்கள், முடிந்ததும் தோய்த்து எடுத்துவிட்டு வையுங்கள். சீனிப்பாகில் விறைக்கவைக்கும் குரோஷே கூடைகளுக்கும் இதே சட்டம், எறும்பு காத்திருக்காது.

வைக்கும் துணிக்கு எதையும் வாங்க வேண்டாம். பல தடவை தோய்த்து மெலிந்த பழைய வெள்ளை வேட்டியை விட நல்லது கிடைக்காது. மர அலுமாரித் தட்டு நேரே பட்டால் மரத்தின் புளிப்பு பழுப்புக் கோடாக இறங்கும். இரும்பு அலுமாரி வியர்த்துக் கறள் வைக்கும். பத்திரிகைத் தாளில் மை உண்டு, புளிப்பும் உண்டு. கடதாசிக் குழாய் ஒன்றில் வேட்டித் துணியை இரண்டு சுற்றுச் சுற்றி, அதன்மேல் ரேந்தையைச் சுருட்டி, மேலே இன்னொரு சுற்று. மடித்தே ஆக வேண்டிய பெரிய விரிப்பென்றால் மடிப்புக்குள் சுருட்டிய துணியை வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறிடத்தில் மடியுங்கள். ஈரப்பதன் 65 வீதத்துக்குக் கீழ் இருந்தால் பூஞ்சணம் பிடிக்காது. கொழும்பில் அது சுலபமல்ல, காலி வீதிக்குக் கடற்பக்கம் இன்னும் கஷ்டம். உப்புக் காற்று துணியில் படிந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மழை குறைந்த ஜனவரி, பெப்ரவரியிலும் ஆகஸ்டிலும் எடுத்து நிழலில் விரித்துக் காற்றாட விடுங்கள். கண்ணாடிச் சட்டத்தில் போடுவதென்றால் பசை வேண்டாம், துணி போர்த்த பலகையில் தைத்து, கண்ணாடி ரேந்தையைத் தொடாமல் இடைவெளி விட்டு, மேற்கு வெயில் படாத உட்சுவரில். நூதனசாலைகள் பழந்துணிக்கு 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் விடுவதில்லை.

சதுரப் பூக்களை இணைத்த கட்டில் விரிப்பை ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகளுக்குப் பிரிக்க வேண்டிவந்தால் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். சதுரங்களைத் தனித்தனியே பின்னி, கடைசியில் ஒரு நூலால் கோர்த்திருப்பார்கள். அந்த இணைப்பு நூலை மட்டும் கண்டு, இரண்டு அங்குலத்துக்கு ஒரு வெட்டு வெட்டி இழுத்தால் ஒரு சதுரமும் குறையாமல் பிரியும். பிரிக்கும் முன் முழு விரிப்பையும் அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். மறுபடி இணைக்க விரும்பும் பேத்திக்கு வரிசை தெரிய வேண்டும்.

கூடவே ஒவ்வொரு துண்டோடும் யார் பின்னியது, எந்த ஊரில், எதற்காக, ஏறக்குறைய எந்த வருடம், எந்த இலக்க நூல் என்பதை ஒரு பருத்தி நாடாவில் எழுதி, ஓரத்தில் இரண்டே தையலில் பிடித்து விடுங்கள். பென்சிலால் எழுதுங்கள். பேனை மை ஈரத்தில் ஊறி ரேந்தைக்குள் இறங்கிவிடும்.